விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறலாமா? பர்மாத் தமிழர் வீட்டுக்கும் கடைக்கும் ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. அன்றுமுதல் ரங்கூனில் நம்மவர் வீடுகளுக்கோ கடைகளுக்கோ போகும்போதெல்லாம், "கணினியில் ஏதோ அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது, பதினொன்றுக்கு மாற்றிவிடலாமா, இப்படியே விட்டுவைக்கலாமா?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. கணினிக்குப் புதியவர்களும் தாமே முடிவெடுக்கும்படி, எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் தமிழ்க் காணொளிகளில் இதற்கு விடை கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விடை நம் ஊர்க் கணினிக்கு முழுவதும் பொருந்துவதில்லை. நம் கணினிகளில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுள் தமிழும் பர்மியமும் பழைய முறையிலும் புதிய முறையிலுமாகக் கலந்து கிடக்கின்றன. மின்சாரமோ நாம் நினைத்த நேரத்தில் இருப்பதில்லை. ஆகவே, கணினி புதிய இயங்குதளத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்கு முன்பாக, அதற்குள் நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கணினியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கோயில் உபயதாரர் பட்டியலையும், தாத்தா காலத்திலிருந்து தொகுத்த உறவினர் விவரத்தையும், பத்தாண்டுக் கடன் கணக்கையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

முதற்படி: கணினிக்குள் இருக்கும் எழுத்துகளைச் சோதித்தல்

நம்மவர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்தப் படிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பர்மிய எழுத்தில் பல்லாண்டுகளாக ஜோஜி எழுத்துருவே எங்கும் புழங்கியது. மியன்மா அரசு 2019 அக்டோபர் 1-ஆம் நாளிலிருந்து, உலகமொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடாகிய யூனிகோடு முறைக்கு மாறுவதாக அறிவித்த பிறகு, கைப்பேசிகளிலும் புதிய ஆவணங்களிலும் யூனிகோடு நிலைபெற்றது. ஆயினும் அதற்கு முன்பு நாம் தட்டச்சு செய்து வைத்த முகவரிகளும் ஒப்பந்தங்களும் விலைப்பட்டியல்களும் தாமாக மாறிவிடவில்லை; அவை இன்றும் ஜோஜியாகவே கணினிக்குள் இருக்கின்றன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் அறிந்தவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. ஆனால் யூனிகோடு முறையில் கணினிக்குள் ககரம் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. பர்மியத்தில் 'தவேத்தோ' என்னும் குறியும் நம் கொம்பைப் போலவே எழுத்துக்கு முன்னால் நிற்பது. யூனிகோடு அதை எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. ஜோஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால் சேமித்தது. அத்துடன், பர்மியத்துக்கு யூனிகோடு ஒதுக்கிய இடங்களையே ஜோஜியும் தன் போக்கில் பயன்படுத்திக்கொண்டது. அதனால்தான் ஜோஜியில் எழுதிய கோப்பை ஜோஜி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், எழுத்துகள் பர்மியமாகவே தெரிந்தும் குறிகள் இடம் மாறிக் குழம்பி நிற்கின்றன.

தமிழில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் நிலை வேறு. அவை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு கணினியை விட்டுப் போன மறுகணமே, தமிழ்ப் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகிவிடும். பார்த்தவுடன் தெரிந்துவிடுவதால் இந்தக் கோளாறு ஒருவகையில் நல்லதே. ஜோஜிக் கோப்பு பாதி சரியாகவும் பாதி தவறாகவும் தெரிவதால், பர்மியம் நன்கு படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்கள் கோளாறு இருப்பதையே அறியாமல் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

சோதிக்கும் முறை எளியது. முக்கியமான கோப்பு ஒன்றைப் படியெடுத்து, அந்தப் படியைத் திறந்து, உள்ளே இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். தமிழாயின் நிர்மலா யூஐ என்னும் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு, ஆங்கிலக் குவியலாக மாறினால் பழைய எழுத்துரு. பர்மியமாயின் மியன்மார் டெக்ஸ்ட் என்னும் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். ஒழுங்காகப் படிக்க முடிந்தால் யூனிகோடு, குறிகள் சிதறினால் ஜோஜி. இவ்விரு எழுத்துருக்களும் விண்டோஸுடனேயே வருபவை. ஒரே கோப்பில் மேல்பாதி ஜோஜியும் கீழ்ப்பாதி யூனிகோடுமாக இருப்பதும் உண்டு என்பதால், நான்கைந்து இடங்களில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அப்படிக் கலந்த பட்டியலில் ஒருவர் பெயரைத் தேடினால், பெயர் கண்முன்னே இருந்தும் கணினி இல்லையென்று சொல்லும். தேடுவதற்கு நாம் தட்டும் பெயரும் சேமித்த பெயரும் கணினிக்கு வெவ்வேறாகத் தோன்றுவதே காரணம்.

பழைய எழுத்து இருப்பது தெரிந்தால், அதற்காக இயங்குதளத்தை மாற்றக் கூடாது என்று பொருளில்லை. மூன்று வேலைகளைச் செய்துவிட்டு மாற்ற வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்னும் கோப்புறையிலிருந்து அந்தப் பழைய எழுத்துருக்களைப் பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள். முக்கியக் கோப்புகளைத் திறந்து, அச்சிடும் கட்டளையில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதைத் தேர்ந்து, பிடிஎஃப் வடிவில் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுத்து மாறிப்போனால், சரியான வடிவம் எது என்பதற்கு அதுவே சாட்சி. மூன்றாவதாக, நேரம் கிடைக்கும்போது பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் கருவிகளால் கோப்புகளை மாற்றி வையுங்கள். ஜோஜியா யூனிகோடா என்பதை அந்தக் கருவிகள் எழுத்துகளின் வரிசையைக் கொண்டு கணித்தே முடிவு செய்கின்றன. நீண்ட பத்தியில் அந்தக் கணிப்பு நன்றாக அமையும், இரண்டெழுத்துப் பெயரில் தவறக்கூடும். எனவே மூலக் கோப்பை விட்டுவிட்டுப் படியையே மாற்றுங்கள். மாற்றிய பின் ஆட்பெயர்களையும் தொகைகளையும் பர்மியம் நன்கு அறிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் சி டிரைவைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். டி டிரைவில் இருந்தவை பிழைத்தன. மேசைத்திரையில் இருந்தவை அனைத்தும் போயின. மேசைத்திரையும் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையும் சி டிரைவுக்குள் இருப்பவை என்பதை அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. என் பெரிய மாமா மோல்மீன், தட்டோன் பக்கத்து உறவினர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த குடும்ப விவரம் அதில்தான் இருந்தது. அதன் பழைய படி ஒன்று ஒரு பென்டிரைவில் கிடைத்தது. ஆனால் அதைத் திறக்கும்போது எழுத்துரு கணினியில் இல்லை, அது எந்த எழுத்துரு என்று சொல்ல மாமாவும் இல்லை. ஒவ்வோர் எழுத்துருவாகப் போட்டுப் பார்த்து அதைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் பல வாரங்கள் ஆயின.

இரண்டாம் படி: கணினி தாங்குமா என்று பார்த்தல்

செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதற்குள் சென்று, அபவுட் என்னும் பக்கத்தைத் திறந்தால், கணினியின் செயலி (பிராசஸர்), நினைவகம், இப்போதுள்ள விண்டோஸ் பதிப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், கணினியைத் தொடங்கிவைக்கும் யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறையில் செக்யூர் பூட் வசதியும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். செயலி இன்டெல் ஆயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். கோர் ஐ5 என்பதை அடுத்து 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, அது அதிகாரபூர்வமாக ஏற்கப்படாது. 10210 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்து பத்தாம் தலைமுறையைக் குறிக்கும். கைமாறிய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டாலே ஏமாற்றத்தில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்னும் மென்பொருள் இவையனைத்தையும் தானே சோதித்து முடிவைச் சொல்லும். அது முடியாது என்று சொன்னாலும் உடனே மனம் தளர வேண்டாம். டிபிஎம் சில்லின் வசதி கணினியில் இருந்தும், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருப்பது அடிக்கடி காணப்படும் செய்தி; இன்டெல் கணினியில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது இருக்கும். ஆனால் பயாஸில் லெகசி என்னும் பழைய தொடக்க முறையை யூஇஎஃப்ஐ என்று மாற்றும் வேலையைப் புதியவர்கள் தாமாகச் செய்யக் கூடாது. வன்தட்டின் பிரிப்பு முறையை முதலில் மாற்றாமல் அதை மட்டும் மாற்றினால் கணினி தொடங்கவே தொடங்காது. அறிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

4 ஜிபி நினைவகம் போதும் என்பது ஏட்டளவில் சரி. உலாவியில் நான்கு பக்கமும் கணக்கு மென்பொருளும் சேர்ந்து திறந்திருக்கும் கடைக்கணினிக்கு 8 ஜிபி இல்லாமல் விண்டோஸ் 11-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழலும் பழைய வன்தட்டு உள்ள கணினியாயின், எஸ்எஸ்டி என்னும் சுழலாத, வேகமான சேமிப்பகம் ஒன்று வாங்காமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு கிடையாது என்பதையும் கடைக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 32 பிட் மென்பொருள்கள் அதில் பெரும்பாலும் ஓடும். ஆனால் 32 பிட் விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட அச்சுப்பொறி இயக்கிகள் (டிரைவர்கள்) ஓடமாட்டா. ரசீது அச்சிடும் பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள், அதன் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு 64 பிட் இயக்கி கிடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு அவசரம் என்று கணித்தல்

திருத்தம் வராத இயங்குதளம் மறுநாளே கெட்டுப்போவதில்லை, முன்போலவே ஓடும். அதுவே பலரை ஏமாற்றிவிடுகிறது. 2017 மே 12-ஆம் நாள் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் தீநிரல், கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. யாரும் எதையும் திறக்காமலும் சொடுக்காமலுமே வலைப்பின்னல் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, மார்ச் 14-ஆம் நாளே, வெளியாகியிருந்தது. அந்தத் திருத்தத்தைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டையின் வழியே அதனால் நுழைய முடியவில்லை. திருத்தங்களின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கணினியின் வயதைப் பார்த்து அவசரத்தைக் கணிக்காமல், அது செய்யும் வேலையைப் பார்த்துக் கணியுங்கள். வங்கிக் கணக்கு, கைப்பேசிப் பணச் செயலி, வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றைத் தொடும் கணினி இணையத்தோடு இணைந்திருந்தால், அது திருத்தம் இல்லாமல் இருக்கக் கூடாது. கோயில் அலுவலகத்தில் சந்தாக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, இணையமே இல்லாமல் இருக்கும் கணினிக்கு அந்த அவசரம் இல்லை. அது விண்டோஸ் 10-இலேயே தொடரலாம். ஆனால் இணையம் இல்லை என்று சொல்லப்படும் கணினியில்தான் ஊரில் உள்ள பென்டிரைவ்கள் அனைத்தும் ஏறி இறங்குகின்றன. திருவிழா அழைப்பிதழ் அச்சிட ஒருவர், பிள்ளையின் விண்ணப்பத்துக்காக இன்னொருவர் என்று ஆளுக்கொரு பென்டிரைவைச் செருகினால், இணையம் இல்லாததால் வரும் பாதுகாப்பு அத்தோடு போய்விட்டது. அதற்கென்று ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்கி வைத்து, வேறெதையும் செருக விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் மட்டுமே அந்தக் கணினியை அப்படியே விடலாம்.

இடையில் ஒரு வழியும் உண்டு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பாகிய 22எச்2 வைத்திருப்பவர்களுக்கு, நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தின் கீழ் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும்படி மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளைக் காப்புச் செய்ய இசைந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. அப்படிக் காப்புச் செய்ய விரும்பாதவர் அந்தக் கணக்கில் நுழைந்து 30 அமெரிக்க டாலர் செலுத்தியும் சேரலாம். வெளிநாட்டு அட்டைக் கட்டணம் நம் ஊரில் எல்லோருக்கும் கைகூடுவதில்லை என்பதால், செட்டிங்ஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரிந்தால் முதல் வழியையே நாடுங்கள். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு தவணைதான். அதற்குள் வேறொரு கணினிக்குப் பணம் சேர்த்துக்கொள்ள உதவும்.

நான்காம் படி: முடிவெடுத்தல்

கணினி தகுதி உடையது, இணையத்தில் பணம் புழங்குகிறது என்றால், மாறுங்கள். இந்த வாரமே மாற வேண்டியதில்லை. எழுத்துச் சோதனையும் காப்புப் படியும் முடிந்த பிறகு மாறுங்கள். கணினி தகுதி உடையது, ஆனால் கடை நடப்பதே ஒரு பழைய மென்பொருளை நம்பித்தான் என்றால், அதை எழுதிக் கொடுத்தவரிடம் விண்டோஸ் 11-இல் ஓடுமா என்று கேட்டு, ஆம் என்ற விடை வரும்வரை நீட்டித்த திட்டத்தில் இருங்கள்.

தகுதி இல்லாத கணினியில் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சில கடைகளில் சொல்வார்கள். போடவும் முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. திருத்தத்துக்காகத்தான் மாறுகிறோம் எனும்போது, அந்த உறுதியை இழந்துவிட்டு மாறுவதில் பொருள் இல்லை. பிள்ளைகள் பழகுவதற்கு ஒரு கணினி என்றால் செய்துகொள்ளுங்கள்; கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிக்கு வேண்டாம்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10 முறையான உரிமத்தோடு இருந்தால் 11-க்கு மாறுவதற்குக் கட்டணம் இல்லை. செட்டிங்ஸ் பகுதியில் ஆக்டிவேஷன் என்ற பக்கம் உரிமத்தின் நிலையைக் காட்டும். உரிமச் சோதனையை ஏமாற்றும் கிராக் போட்டு இயக்கிய விண்டோஸ் எனில், அந்தக் கிராக் நிரலே திருட்டுக்கு வாசலாக இருக்கக்கூடும். திருத்தம் போடுவதற்கு முன் அதைத்தான் விலக்க வேண்டும்.

பழைய கணினியில் கடிதமும் இணையமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்னும் வேறோர் இயங்குதளம் நல்ல வழி. அதைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வன்தட்டைத் தொடாமல், தமிழும் பர்மியமும் சரியாகத் தெரிகின்றனவா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருள் மட்டும் அதில் பெரும்பாலும் ஓடாது.

ஐந்தாம் படி: திரும்பி வரும் வழியை முதலில் அமைத்தல்

மாறுவது என்று முடிவாகிவிட்டால், திரும்பி வருவதற்கு வழி செய்யாமல் தொடங்கக் கூடாது. நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே முறைதான். புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, இப்போதுள்ள வன்தட்டை அப்படியே அதில் குளோன் (முழுப்படி) எடுத்து, எஸ்எஸ்டியைக் கணினியில் பொருத்தி, அந்தப் படியின் மீது விண்டோஸ் 11-ஐப் போடுங்கள். பழைய வன்தட்டு ஓர் எழுத்தும் மாறாமல் பெட்டியில் இருக்கும். ஏதேனும் தவறிப்போனால், அதை மீண்டும் மாட்டிய நொடியில் நேற்றைய கணினி திரும்பிவிடும். செலவு சற்றுக் கூடுதல்தான்; ஆனால் வேகமும் கூடும், அச்சமும் தீரும்.

அந்த வசதி இல்லையென்றால், சி டிரைவில் உள்ள மேசைத்திரை, டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் ஆகியவற்றையும், கணக்கு மென்பொருள் தன் தரவை வைத்திருக்கும் கோப்புறையையும் வெளி வன்தட்டில் படியெடுங்கள். படியெடுத்தால் மட்டும் போதாது. அந்த வன்தட்டை வேறொரு கணினியில் மாட்டி, நான்கு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியைக் காப்புப் படி என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணினியில் வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணக்குநோட்டில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் இந்தப் பூட்டு கேட்காமலேயே இயங்கத் தொடங்கிவிடும். அந்த எண் இல்லாமல், பூட்டிய வன்தட்டை எந்தக் கடைக்காரராலும் திறந்து தர முடியாது.

ஆறாம் படி: மின்சாரமும் தரவிறக்கமும்

விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசித் தரவைச் செலவழித்து இறக்குவதைவிட, நல்ல கம்பி இணையம் உள்ள ஒருவர் வீட்டில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஒருமுறை இறக்கி, அதையே நான்கு வீட்டுக்கும் பயன்படுத்துங்கள். கைப்பேசி இணைப்பில் இருப்பவர்கள், அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்து வைத்தால், கணினி தானாகப் பெரிய கோப்புகளை இறக்குவது குறையும்.

நிறுவும்போது, பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்காமல், விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திறந்து செட்டப் என்பதை இயக்குங்கள். கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள் என்ற தெரிவு அப்போதுதான் கிடைக்கும். எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் தங்குவதற்கு இதுவே ஏற்ற வழி. கடையில் கொடுத்துச் செய்வதாயின், "ஃபார்மட் செய்யக் கூடாது, மேலேயே போட வேண்டும்" என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிக் கொடுங்கள்.

மின்சாரம் வந்தவுடன் வேலையைத் தொடங்க வேண்டும். போகும் நேரத்துக்கு அரை மணி இருக்கும்போது தொடங்கக் கூடாது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் ஒரு மணி நேரத்தையும், வன்தட்டு உள்ளதில் அதைப் போல் சில மடங்கையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். அதை நம்பி இதைச் செய்ய முடியாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் வைத்துச் செய்வதே நல்லது. மடிக்கணினி எனில் மின்கலம் முழுவதும் நிறைந்திருக்க வேண்டும். இடையில் மின்சாரம் போனால் விண்டோஸ் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்ப முயலும். எப்போதும் அது வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது.

காலத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மார்ச்சு மாதக் கணக்கு முடிப்புக்கு முன்பும், திங்யான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் கடைகள் அடைத்திருக்கும் ஏப்ரல் நாட்களிலும், கோயில் திருவிழா நெருங்கும்போதும் வேண்டாம். கோடையில் மின்வெட்டு மிகுதி. மழைக்காலத்தில் நீர்மின் நிலையங்களுக்கு நீர் வருவதால் சற்றே தளர்வு இருக்கும். ஆகவே மழைக்காலத்தில் கடை ஓய்ந்திருக்கும் ஒரு நாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஏழாம் படி: முதல் பத்து நாள்

மாறிய பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்பப் பத்து நாள் தவணை உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்ற பக்கத்தில் கோ பேக் என்னும் பொத்தான் அதற்கானது. பத்து நாள் கடந்தால் பழைய கோப்புகள் தாமாக அழிக்கப்படும். அதற்குள் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் போன்றவற்றை இயக்கி விண்டோஸ்.ஓல்டு என்னும் கோப்புறையை நீக்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எனவே முதல் நாளே, முன்பு எடுத்து வைத்த பிடிஎஃப் படிகளைத் திரையில் ஒரு பக்கமும் மூலக் கோப்பை மறுபக்கமும் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். லதா, விஜயா போன்ற தமிழ் எழுத்துருக்கள் காணாமல் போனதுபோல் தோன்றினால் அஞ்ச வேண்டாம்; தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பாக அவற்றை ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன. பர்மியத்துக்குக் கீமேஜிக் போன்ற தனி நிரலைப் பயன்படுத்துபவர்கள், அது முன்போல் இயங்குகிறதா என்று வேர்டிலும் உலாவியிலும் தனித்தனியே தட்டிப் பாருங்கள். ஒன்றில் இயங்கி மற்றதில் இயங்காமல் போவதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த நாட்களில், கடையில் வழக்கமாக நடக்கும் வேலைகளையெல்லாம் ஒருமுறையாவது செய்து பாருங்கள். ரசீது அச்சிடுதல், ஸ்கேன் எடுத்தல், மாதக் கணக்கைக் கூட்டுதல், பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பெயரைப் பர்மியத்தில் தேடுதல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முடிந்தவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். எட்டாம் நாளுக்குள் ஏதேனும் ஒன்று அடிபடாமல் நின்றால், அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முடியவில்லையென்றால் பத்தாம் நாளுக்குக் காத்திராமல் பழையதற்குத் திரும்பிவிட்டு, நிதானமாக மறுபடியும் முயலுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், குளோன் எடுத்த பழைய வன்தட்டை உடனே துடைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் மேல் நாளையும், உள்ளே இருப்பது எந்தக் கணினியின் தரவு என்பதையும், அதில் உள்ள பழைய எழுத்துருக்களின் பெயர்களையும் தமிழில் எழுதி ஒட்டி, ஈரம் படாத இடத்தில் ஓராண்டு வையுங்கள்.